கடைமடைக்கும் காசு பாய: முதல் சம்பளக்காரர்களுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

கல்லணையைத் திறந்த அன்றே, வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கும் பேராவூரணிக்கோ தலைஞாயிறுக்கோ தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடாது. வழியில் எத்தனை மதகு, எத்தனை பேர் பாய்ச்சல்! மேலே தாராளமாகப் பாய்ந்தால் கீழே ஈரம்கூட மிஞ்சாது. நம் வீடுகளில் சேமிப்புக்கு இருக்கும் இடம் அந்தக் கடைமடைதான். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு, பெட்ரோலுக்கு, பழைய பாக்கிக்கு, கல்யாணத்துக்கு என்று போய், கடைசியில் ஏதாவது நின்றால் சேமிப்பு. நிற்பதே இல்லை.

கும்பகோணம் பாத்திரக்கடை, தஞ்சாவூர் ஜவுளிக்கடை, மன்னார்குடி பைனான்ஸ் ஆபீஸ் என்று வேலைக்குச் சேர்ந்து, மாதம் 12,000 முதல் 25,000 வரை கையில் வாங்குகிறவர்களுக்காக இந்தக் கணக்கு. திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் அங்கிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கும் பொருந்தும். வாடகைச் செலவு ஒன்றுதான் கூடும்.

முதலில் வருசச் செலவு, பிறகுதான் மாதச் செலவு

பட்ஜெட் போட்டவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது மாதமே விட்டுவிடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. மாதத்தை மட்டும் பார்த்துப் போட்டார்கள், அதுதான் காரணம். டெல்டாவில் செலவு மாதாமாதம் சீராக வருவதில்லை. வைகாசி, ஆனியில் பள்ளிக்கூட, கல்லூரிக் கட்டணமும் குறுவைக்கான உழவு, விதைச் செலவும் ஒன்றாக வரும். ஆவணியில் முகூர்த்தம். ஐப்பசியில் தீபாவளியும் மழையும். தையில் பொங்கல், மறுபடி முகூர்த்தம். இவை எல்லாம் வரும் என்று முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொன்றையும் திடீர்ச் செலவு போலக் கைமாற்று வாங்கிச் சமாளிக்கிறோம். ஆண்டு முழுவதும் கடனில் இருப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் மாதக் கணக்கை எழுத வேண்டாம். வீட்டுக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தையிலிருந்து மார்கழி வரை ஒவ்வொரு மாதமாகப் புரட்டி, எது எப்போது வரும் என்று எழுதுங்கள். வீட்டோடு இருந்து வேலைக்குப் போகும், பைக் வைத்திருக்கும் ஒருவரின் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

தீபாவளித் துணி, பலகாரம், வெடி: 6,000
பொங்கல்: 2,500
மொய், 14 விசேஷத்துக்கு 500 வீதம்: 7,000
பைக் இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்: 6,000
ஊர்த் திருவிழா வரி, குலதெய்வம் கோவில்: 2,000
போன் ரீசார்ஜ்: 3,600
டாக்டர், பல், கண்ணாடி: 4,000
அரசு காப்பீடு இரண்டு: 456
செருப்பு, மழைக்கோட்டு: 1,500
தேர்வுக் கட்டணம், புத்தகம்: 3,000

கூட்டினால் 36,056. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 3,000. இந்த மூவாயிரம் உங்களுடையது இல்லை, ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 17,000 சம்பளம் வாங்குகிறவர் தன் சம்பளம் 14,000 என்று வைத்துக் கணக்குப் போட்டால்தான் பட்ஜெட் நிற்கும்.

தொடங்கும் முதல் வருசம் ஓர் இடறல் வரும். ஆனியில் சேர்க்க ஆரம்பித்தால், ஆவணிக் கல்யாணங்களும் தீபாவளியும் வருவதற்குள் நாலைந்து மாதம்தான் இருக்கும். பன்னிரண்டால் வகுத்த தொகை அதற்குப் பற்றாது. அதனால் முதல் வருசம் மட்டும், தீபாவளி வரை என்னென்ன வருகிறதோ அவற்றைத் தனியாகக் கூட்டி, மீதமிருக்கும் மாதங்களால் வகுத்து ஒதுக்குங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் துணியிலும் வெடியிலும் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். அடுத்த தையிலிருந்து கணக்கு சீராகிவிடும்.

சம்பளம் வந்த அன்றே முறை வைப்பது

தண்ணீர் குறைவான வருசத்தில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம் அல்லவா, அதே வேலைதான். சம்பளம் ஏழாம் தேதி வந்தால் உங்கள் மாதம் ஏழாம் தேதி பிறக்கிறது. ஒன்றாம் தேதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பணம் ஏறிய அன்று மாலைக்குள் நாலு மதகையும் திறந்துவிட வேண்டும். 17,000 ரூபாய்க்கு ஒரு பங்கீடு:

வீட்டுக்கு 5,000. வருசச் செலவுக்கு 3,000. ஆபத்துக்கு 1,500. நீண்ட நாள் சேமிப்புக்கு 1,500. ஆக 11,000. மீதி 6,000 உங்கள் கைச்செலவு.

இதற்கு இரண்டு வங்கிக் கணக்கு கட்டாயம். சம்பளம் ஏறும் கணக்கில்தான் ஜிபேயும் போன்பேயும் இணைந்திருக்கும். வருசச் செலவும் ஆபத்துப் பணமும் இன்னொரு கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை எந்தச் செயலியிலும் இணைக்காதீர்கள். ஏடிஎம் அட்டை அம்மாவின் பீரோவில் இருக்கட்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு, கேட்டு வாங்குங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் ஆகும், 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும். ஒரே கணக்கில் எல்லாவற்றையும் போட்டு மனதுக்குள் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களின் பணம் கைப்பேசியில் தெரிகிற இருப்பாகவே கரைந்துபோகும். 9,400 இருக்கிறது என்று திரை காட்டும்போது அதில் 7,000 தீபாவளிக்கு என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

கைச்செலவு 6,000 ரூபாயை மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் பத்து நாளில் 4,000 போய்விடும். வாரத்துக்கு 1,400 என்று வைத்து, திங்கட்கிழமை ரொக்கமாக எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். பெட்ரோல், டீ, மதியச் சாப்பாடு, முடிவெட்டு எல்லாம் அதிலேயே. நோட்டு மெலிவது கண்ணுக்குத் தெரியும். ஸ்கேன் செய்யும்போது தெரியாது. வியாழக்கிழமையே தீர்ந்துபோனால் அடுத்த வாரப் பணத்தைத் தொடாமல் ஞாயிறு வரை ஒப்பேற்றிப் பாருங்கள். எது தேவை, எது பழக்கம் என்பது அந்த மூன்று நாளில் விளங்கிவிடும்.

டீக்காசைக் குறைக்கச் சொல்லி யாரையும் வதைக்க வேண்டாம். நாளுக்கு இரண்டு டீ 30 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 780. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்கு அது வேண்டியதுதான். மதியச் சாப்பாடுதான் பெரிய ஓட்டை. 80 ரூபாய்ச் சாப்பாடு 26 நாளுக்கு 2,080. வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து எடுத்துப் போனாலே மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் நிற்கும்.

வீட்டுக்குக் கொடுக்கும் தொகையை ஒரே தொகையாக, ஒரே நாளில் கொடுங்கள். கேட்கும்போதெல்லாம் ஐநூறு, ஆயிரம் என்று கொடுத்தால், கொடுத்தவருக்கு நிறையக் கொடுத்ததுபோலவும் வாங்கியவருக்கு ஒன்றும் வராததுபோலவும் இருக்கும். வயலுக்கு உரம் வாங்க அப்பா 10,000 கேட்டால் அது வேறு கணக்கு. அதை நோட்டில் வயல் என்று தனியாக எழுதி, அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தின் நெல்லுப் பணம் அவர் கணக்கில் ஏறியதும் திரும்ப வாங்கி ஆபத்துப் பணத்தில் போட வேண்டும். இதை முன்பே பேசிவிட்டால் மனக்கசப்பு இல்லை.

வேலை சீராக இல்லாதவர்களுக்கு

எலக்ட்ரீஷியன், கொத்தனார், அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், பந்தல் வேலை செய்கிறவர் இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி நாள் சும்மா இருக்க வேண்டும். எட்டு மாதம் 18,000, நாலு மாதம் 8,000 என்று வருகிறவருக்கு ஆண்டு வரவு 1,76,000. அவர் தனக்குத் தானே மாதம் 13,000 சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல மாதத்தில் 5,000 ஒதுக்கினால் எட்டு மாதத்தில் 40,000 சேரும். மோசமான நாலு மாதத்தில் 5,000 வீதம் எடுத்தாலும் 20,000 மிஞ்சும். நல்ல மாதத்து வரவை வைத்துத் தவணைக்கு வண்டி எடுப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. தவணை மழைக்கும் நிற்காது.

ஆபத்துப் பணம்

முதல் இலக்கு 10,000. மாதம் 1,500 வீதம் ஏழு மாதத்தில் வந்துவிடும். தீபாவளி போனஸில் பாதியை இங்கே போட்டால் இன்னும் சீக்கிரம். அதன்பின் மூன்று மாதச் செலவு அளவுக்கு ஏற்றுங்கள். ஆஸ்பத்திரி, வேலை போவது, வீட்டில் மழைச் சேதம் இவற்றுக்கு மட்டும் தொட வேண்டும். நண்பனின் கல்யாணம் ஆபத்து இல்லை, அது வருசச் செலவு.

இதில் 3,000 ரூபாயாவது ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வீட்டில் ரொக்கமாக இருக்கட்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கக் கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரமும் டவரும் இல்லாதபோது வங்கியில் எவ்வளவு இருந்தும் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் வாங்க முடியாது. நூறும் ஐம்பதுமாக மாற்றி, ரேஷன் அட்டை, பாஸ்புத்தகத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பரண்மேல் வையுங்கள்.

மொய்

மொய்யைச் செலவு என்று நினைப்பவர்களும் உண்டு, வரவு என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அது வட்டியில்லாக் கடன். பேராவூரணி, அதை ஒட்டிய புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் பணம் திரட்டுவதே வழக்கம். நல்ல ஏற்பாடுதான்: வங்கி கொடுக்காத நேரத்தில் ஊர் கொடுக்கிறது. ஆனால் வந்த பணத்தைத் திருப்பிச் செய்யும் பொறுப்பு பத்து வருசமானாலும் மறையாது.

அக்கா கல்யாணத்து மொய் நோட்டை எடுத்து, யார் எவ்வளவு எழுதினார்கள், அந்த வீட்டில் கல்யாண வயதுப் பிள்ளைகள் யார், ஏறத்தாழ எந்த வருசம் விசேஷம் வரும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும். அப்போதுதான் வருசப் பக்கத்தில் மொய்க்கு எவ்வளவு என்பது சரியாகக் கிடைக்கும். மொய்ப் பணம் மொத்தமாக வந்தால் முதலில் விசேஷத்துக்கு வாங்கிய கடனை அடையுங்கள். மிஞ்சியதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். அதில் கார் வாங்கினால், மறு வருசம் முகூர்த்த மாதத்தில் ஐந்து பத்திரிகை ஒன்றாக வரும்போது வட்டிக்குத்தான் போக வேண்டும்.

எங்கே சேமிப்பது

நீண்ட நாள் பணத்துக்கு அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) நல்ல தொடக்கம். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து ஆண்டு. 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதம் ஆனது. சேரும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து ஆண்டுக்கும் நிற்கும். அந்த வட்டிக்கு மாதம் 1,500 கட்டினால் 90,000 கட்டி சுமார் 1,07,000 எடுக்கலாம். 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-க்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசிக்குள். உங்கள் சம்பளம் தள்ளித் தள்ளி வருமானால் 16-க்கு மேல் தொடங்குங்கள். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுபோகும். மூன்று ஆண்டு முடிந்தபின் மூடலாம், ஆனால் அப்போது சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஆகவே அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள்.

ஏலச்சீட்டைப் பற்றி நேராகவே கணக்குப் பார்க்கலாம். 20 பேர், மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம். ஏலத்தில் கிடைக்கும் தள்ளுபடி போக ஒவ்வொருவரும் சராசரி 4,500 கட்டினார்கள் என்று வையுங்கள். 90,000 கட்டிய கடைசி ஆள், கமிஷன் 5,000 போக 95,000 எடுப்பார். இது ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம். ஆர்.டி. தரும் அளவுதான். ஆனால் சீட்டு நடத்துகிறவர் ஊரைவிட்டுப் போனால் ஒன்றும் வராது. எனவே சேமிப்புக்காகச் சீட்டு வேண்டியதில்லை. நடுவில் எடுத்து ஒரு காரியம் முடிக்க வேண்டும் என்றால் மட்டும், அதுவும் சீட்டு நிதிச் சட்டம் 1982-இன்படிப் பதிவான சீட்டில் சேருங்கள். பதிவு எண்ணையும் பாஸ்புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். தீபாவளிச் சீட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. மாதம் 500 கட்டி இனிப்புப் பெட்டியும் எவர்சில்வர் பாத்திரமும் வாங்குவதற்குப் பதில் அந்தப் பணம் உங்கள் வருசக் கணக்கிலேயே இருக்கட்டும்.

கும்பகோணம் வங்கிக்குப் பேர்போன ஊர். இன்றைய சிட்டி யூனியன் பேங்க் 1904-ல் கும்பகோணம் பேங்க் என்றுதான் பிறந்தது. அந்தப் பெருமையின் நிழலில் நிதி, பண்டு என்று பலகை மாட்டி அதிக வட்டி சொல்லும் இடங்களும் டெல்டா முழுக்க உண்டு. வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. நிதி நிறுவனங்களுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க வைப்புகளுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி தருகிறேன் என்று ஒருவர் உங்களிடம் பணம் கேட்டால், வங்கி அவருக்குக் கடன் கொடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

தங்கத்தை வேண்டாம் என்று டெல்டாவில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குறுவைக்கு முதல் போடுவது பல வீடுகளில் அம்மாவின் சங்கிலிதான். ஆனால் சேமிப்புக்கு வாங்கும் தங்கம் செய்கூலி, சேதாரம் குறைந்த சாதாரண டிசைனாக இருக்க வேண்டும். வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரம் ஏறும். அதோடு ஜிஎஸ்டி 3 சதவீதம். விற்கும்போது இவை எதுவும் திரும்ப வராது. ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி பொறித்திருக்கும், அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். கடைகளின் 11 மாத நகைத் திட்டத்தில் சேர்ந்தால், சேதாரத் தள்ளுபடி எந்த நகைக்கு, எத்தனை சதவீதம் வரை என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டி

நம் ஊர் வட்டிக் கணக்கு மாதத்துக்கு. ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், மூணு வட்டி 36. தண்டல் இன்னும் கடுமை. 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நூறு நாளைக்கு நாள் 100 வாங்கினால், ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே முதலும் திரும்பிக்கொண்டிருப்பதால் ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டும். பைக் தவணையிலும் இதே சூட்சுமம். 80,000 கடன், 10 சதவீதம், 24 மாதம், மாதம் 4,000 என்பார்கள். கடன் குறைந்தாலும் வட்டியை முழு 80,000-க்கே போடுவதால் உண்மையில் அது சுமார் 18 சதவீதம். கையெழுத்துப் போடுமுன், மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பாருங்கள். கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

ஏற்கெனவே தண்டலோ மூணு வட்டியோ இருந்தால், ஆபத்துப் பணம் 5,000 சேர்ந்ததும் ஆர்.டி.யை நிறுத்தி வைத்து அதை முதலில் அடையுங்கள். 36 சதவீதம் கட்டிக்கொண்டு 6.7 சதவீதத்துக்குச் சேர்ப்பதில் பொருளில்லை. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கி அடைப்பது மேல், அங்கே வட்டி பெரும்பாலும் ஒரு ரூபாய்க்கும் குறைவு. கைப்பேசிக் கடன் செயலிகளைத் தொடவே வேண்டாம். தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலி, பிறகு அதை வைத்துத்தான் மிரட்டும். மிரட்டல் வந்தால் மேலும் பணம் கட்டாமல் 1930-க்கு அழையுங்கள்.

இரண்டு சிறு காப்பீடும் பி.எஃப்.-உம்

பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீடு 20 ரூபாய். இரண்டிலும் 2 லட்சம். வங்கியில் ஒரு படிவம் போதும். ஆனால் பணம் மே மாதக் கடைசியில் தானாகக் கழியும். அன்று கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். வைகாசிச் செலவில் கணக்கைத் துடைத்துவிடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. எனவே இதையும் வருசச் செலவுக் கணக்கோடு இணையுங்கள்.

சம்பளச் சீட்டில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தால் உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளியும் அதே அளவு போடுகிறார். வேலை மாறும்போது எடுத்துச் செலவழிக்காமல், யுஏஎன் என்கிற அதே பி.எஃப். எண்ணைப் புது இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிடித்தது உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புத்தகத்தைப் பாருங்கள்.

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். இரண்டாம் மாதம் முறை வையுங்கள். மூன்றாம் மாதம் வருசப் பக்கத்தில் விட்டுப்போனது ஏதாவது தலைகாட்டும்: தங்கையின் ஹாஸ்டல் முன்பணம், ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அதைப் பக்கத்தின் அடியில் எழுதி, மறுபடி கூட்டி, மறுபடி பன்னிரண்டால் வகுத்து, அடுத்த சம்பளத்திலிருந்து புதுத் தொகையை ஒதுக்குங்கள்.